பாட்டுப் பெட்டி ஊமையானால்...
வீட்டு ஸ்டீரியோவுக்கு மாற்று ரிசீவர் வாங்குவோர் கவனத்துக்கு

மாதா மாதம் மிச்சம் பிடித்து வாங்கிய ஸ்டீரியோ ஒரு நாள் திடீரென்று பேச மறுக்கிறது. விளக்கு எரிகிறது, முள் அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அல்லது ஒரு பக்கம் பாடுகிறது, மறு பக்கம் உறங்குகிறது. வீட்டில் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்பது ஒரு கட்சி. "கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?" என்பது மறு கட்சி.

இரண்டு கட்சிகளும் அவசரப்படுகின்றன. செல்போனில் கேட்பது ஒருவர் கேட்பது; கூடத்தில் ஸ்டீரியோ பாடினால் குடும்பமே கேட்கும். மொழி தெரியாத ஊரில் பிறந்து வளரும் பிள்ளைகளின் காதில் தமிழ்ப் பாட்டு தானாக விழுவதற்கு அந்தப் பெட்டி ஒரு வழி. ஆகவே அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் கடைக்கு ஓடி, கண்ணைப் பறிக்கும் பெட்டி ஒன்றைத் தூக்கி வருவதும் சரியல்ல. நல்ல ரிசீவர் இன்று ஒரு குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக் கூடும். அந்தப் பணம் வீணாகாமல் இருக்க ஒரே விதிதான் உண்டு. கடையில் இருப்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. வீட்டில் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

புனேயின் காது

புனே, காது உள்ள ஊர். இங்கே அகில இந்திய வானொலி நிலையம் 1953 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கியது. இந்துஸ்தானி இசை உலகம் கொண்டாடும் சவாய் கந்தர்வ விழாவும் அதே 1953-ல்தான் தொடங்கியது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், ராணுவக் கணக்கு அலுவலகங்களுக்கும், பின்னர் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகளுக்கும் வேலை தேடி வந்த தமிழர்கள் இந்த ஊரில்தான் வேர் விட்டார்கள். ராஸ்தா பேட், கட்கி, தேஹு ரோடு என்று அவர்கள் குடியிருந்த இடங்களில் வால்வு ரேடியோ முதலில் வந்தது. பிறகு டிரான்சிஸ்டர், பிறகு டேப் ரெக்கார்டர், கடைசியாக ஸ்டீரியோ.

வெளிநாட்டுச் சாமான்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கல்கத்தாவில் 1970-ல் தொடங்கிய சோனோடைன், பம்பாயின் காஸ்மிக் போன்ற உள்நாட்டுப் பெயர்கள் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. வளைகுடா நாட்டுக்குப் போன உறவினர் வந்தால் அக்காய், சான்யோ, நேஷனல் பானசோனிக் வரும். 1991-க்குப் பிறகு கதவு திறந்தது. எல்லாம் கடைக்கு வந்தன. ஆனால் அந்தப் பழைய ஸ்பீக்கர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுக்கும் பெட்டிதான் இப்போது பிரச்சினை.

ரிசீவர் என்பது என்ன?

ஒரே பெட்டிக்குள் மூன்று சாமான்கள் குடியிருந்தால் அதற்குப் பெயர் ரிசீவர். முதலாவது, வானொலியைப் பிடிக்கும் டியூனர். இரண்டாவது, ரேடியோ, டேப், இசைத்தட்டு என்று எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுத்து, சத்தத்தையும் சுருதியின் கனத்தையும் கூட்டிக் குறைக்கும் பகுதி. மூன்றாவது, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிபயர். டியூனர் இல்லாமல் மற்ற இரண்டும் மட்டும் இருந்தால் அது வெறும் ஆம்ப்ளிபயர்.

இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பணம் மிச்சமாகும். வானொலியைச் செல்போனிலேயே கேட்டுப் பழகிவிட்ட வீட்டுக்கு டியூனர் எதற்கு? அகில இந்திய வானொலியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் தமிழ் ஒலிபரப்பும் கிடைக்கிறது. புனேயில் உட்கார்ந்துகொண்டு சென்னையைக் கேட்க இன்று ஏரியல் கம்பி தேவையில்லை. அந்த வீட்டுக்கு ஆம்ப்ளிபயர் போதும். ஆனால் காலையில் எழுந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் புனே விவித பாரதி 101 மெகாஹெர்ட்சில் பாட வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ரிசீவர்தான் ஏற்றது. செல்போனைத் தடவித் தடவிப் பாட்டுத் தேடுவது எல்லாருக்கும் பிடித்த வேலை அல்ல.

முதலில் வைத்தியம், பிறகு வியாபாரம்

பழைய பெட்டி உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை. மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம்.

முதல் சோதனை: ரேடியோ, டேப், இசைத்தட்டு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரேடியோ இரு பக்கமும் பாடி, டேப் மட்டும் ஒரு பக்கம் பாடினால் கோளாறு டேப்பிலோ அதன் வயரிலோ இருக்கிறது. ரிசீவர் மேல் பழி போடக் கூடாது.

இரண்டாவது சோதனை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருக்கும் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்கள். முன்பு இடது ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மாற்றிய பிறகும் அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் நோய் ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். ஊமை வலது ஸ்பீக்கருக்குத் தாவிவிட்டால் நோய் பெட்டியில்.

மூன்றாவது சோதனை: ஒன்றரை வோல்ட் பென்சில் செல் ஒன்றை எடுத்து, வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சத்தத்துடன் பெரிய கூம்பு அசைந்தால் அதன் சுருள் உயிரோடு இருக்கிறது.

பெட்டியில்தான் நோய் என்று தெரிந்தால், அதுவும் பெரும்பாலும் தீராத நோய் அல்ல. வால்யூம் திருகியைத் திருப்பும்போது 'கரகர' என்று வந்தால் உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கிறது, துடைத்தால் போதும். ஒரு பக்கம் வந்து வந்து போனால் ரிலேயின் முனைகள் கறுத்திருக்கலாம். எப்போதும் ஒரு 'ஹும்' ஒலி கேட்டால் மின்தேக்கிகள், அதாவது கன்டென்சர்கள், வயதாகி வறண்டு போயிருக்கலாம். மாற்றுவதற்கு ஆகும் செலவு புதுப் பெட்டியின் விலையில் சிறு பங்குதான். புனேயில் புத்வார் பேட்டையின் தாப்கீர் கல்லி எலக்ட்ரானிக் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. கன்டென்சரும் டிரான்சிஸ்டரும் கேட்டு வாங்குவதற்கு அங்கே போகலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய செட்கள் பலவற்றில் 'எஸ்.டி.கே.' என்று தொடங்கும் எண்ணுள்ள ஒரு பெரிய ஐ.சி. இருக்கும். ஆம்ப்ளிபயரின் இதயமே அதுதான். இவை தயாரிப்பு நின்று போனவை. சந்தையில் போலிகள் நிறைய. போலியைப் போட்டால் சில நாளில் அது எரிவதோடு, ஸ்பீக்கர் சுருளையும் எரித்துவிடக் கூடும். மெக்கானிக் "அசல் கிடைக்காது" என்று சொன்னால் அவர் நேர்மையானவர் என்று எடுத்துக்கொண்டு, மாற்றுப் பெட்டி தேடத் தொடங்கலாம்.

மூடியைத் திறந்து நீங்களே கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கன்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வாட் என்னும் மாயம்

கடையில் முதலில் காட்டப்படுவது வாட் கணக்கு. சின்னப் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் இரண்டாயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கண நேரத்துக்கு, எந்த விதியும் இல்லாமல் கணக்கிட்ட உச்சம். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அதாவது பெட்டி நிற்காமல், சுருதி கெடாமல் தரக்கூடிய சக்தி.

இந்த மோசடி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவிலும் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வாட் கணக்கு எழுதின. அதைத் தடுக்க 1974-ல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டு வந்தது. ஆம்ப்ளிபயர் சக்தியை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று வரையறுத்தது. 2024-ல் அந்த விதியைத் திருத்தி மேலும் கடுமையாக்கினார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அதே நோய்க்கு அதே மருந்து தேவைப்படுகிறது என்றால் நோயின் பலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

வாட் போட்டி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1978-ல் ஜப்பானின் பயனியர் கம்பெனி 'எஸ்.எக்ஸ். 1980' என்ற ரிசீவரை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு 270 வாட். எடை சுமார் 35 கிலோ. அரிசி மூட்டையைத் தூக்குவது போல் தூக்க வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இதெல்லாம் எதற்கு? சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபெல் வரை சத்தம் தரும். மனிதர் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபெல்தான். ஆக, நாம் கேட்கும் பாட்டில் பெரும் பகுதி ஒரு வாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தவில் அடி விழும்போது, கோரஸ் எழும்பும்போது, அந்த ஒரு நொடிக்குத்தான் கூடுதல் சக்தி தேவை.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 வாட் பெட்டிக்குப் பதில் 100 வாட் பெட்டி வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபெல் மட்டும் கூடும். அது காதுக்குச் சற்றே தெரியும் வித்தியாசம். சத்தம் இரட்டிப்பாகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் பணத்தை அதிகம் கொடுப்பது காதுக்குத் தெரியாத செலவு. சிறிய, நடுத்தர அறைக்கு ஒரு பக்கத்துக்கு உண்மையான 30 முதல் 50 வாட் தாராளம்.

தவிர, சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வேற்று ஊரில் பிழைக்க வந்த இடத்தில் அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் எந்த வாட்டையும் விடப் பெரியது.

ஓம் கணக்கு தவறினால்...

வாட்டை விட முக்கியமானது ஒன்று பெட்டியின் முதுகில் சின்ன எழுத்தில் இருக்கும். அதுதான் ஓம். ஸ்பீக்கர் மின்சாரத்துக்கு எவ்வளவு தடை கொடுக்கிறது என்பதன் அளவு அது. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4, 6 அல்லது 8 ஓம். எண் குறையக் குறைய ஆம்ப்ளிபயர் அதிக மின்சாரம் தள்ள வேண்டும், அதிகம் சூடாகும்.

புது ரிசீவரின் முதுகில் '6 முதல் 16 ஓம்' என்று எழுதியிருக்கும்போது 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், மெதுவாகப் பாடும்வரை பாடும். கல்யாண நாளன்று சத்தத்தைக் கூட்டினால் நின்றுவிடும், அல்லது எரிந்துவிடும். கூடத்தில் ஒரு ஜோடி, படுக்கையறையில் ஒரு ஜோடி என்று இரண்டையும் ஒன்றாகப் பாட வைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பல பெட்டிகளில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் ஒரே பக்கத்தில் சேரும்போது பெட்டிக்கு அது 4 ஓம் பாரமாகிவிடும்.

பழைய ஸ்பீக்கரின் முதுகுச் சீட்டு அழிந்து போயிருந்தால் மல்டிமீட்டர் வைத்து அளக்கலாம். மீட்டர் சுமார் 6 காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். 3-க்குச் சற்று மேலே காட்டினால் 4 ஓம். மீட்டர் காட்டும் எண் எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். இந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடைக்கு எடுத்துப் போவது, பெட்டியின் படத்தை நூறு முறை பார்ப்பதை விட மேல்.

ஸ்பீக்கரின் வாயையும் பாருங்கள். கூம்பைச் சுற்றி நுரை வளையம் இருந்தால் அது பத்துப் பதினைந்து ஆண்டில் பொடியாய் உதிர்ந்துவிடும். வளையத்தை மட்டும் மாற்றித் தரும் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கரை அதற்காகக் காயலான் கடைக்குப் போடத் தேவையில்லை.

இசைத்தட்டு இருக்கிறதா?

ஊரிலிருந்து வரும்போது டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்த இசைத்தட்டுகள் சில வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் ரிசீவரின் பின்னால் 'போனோ' என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். காந்தம் வைத்த கார்ட்ரிட்ஜ் உள்ள ரெக்கார்டு பிளேயர் தரும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. டேப்போ செல்போனோ தருவதில் அது நூற்றில் ஒரு பங்கு கூட இராது. அதை முதலில் பெரிதாக்கி, இசைத்தட்டு அறுக்கும்போது குறைத்த கனத்த ஒலியைத் திரும்பக் கூட்டி, கூட்டிய மென்கீச்சை மறுபடி குறைக்கும் வேலையைப் 'போனோ' துளைக்குப் பின்னால் உள்ள பகுதி செய்கிறது. அது இல்லாத பெட்டியில் இசைத்தட்டு பாடினால் பாதாளக் கிணற்றிலிருந்து கொசு பாடுவது போல் கேட்கும்.

பழைய சூட்கேஸ் மாதிரி ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அது தானே பலமான மின்சாரம் தரும். அதைப் 'போனோ' துளையில் செருகக் கூடாது. சாதாரண 'ஆக்ஸ்' துளையே சரி. போனோ வசதியில்லாத பெட்டி மற்ற எல்லா வகையிலும் பிடித்திருந்தால் தனியாக ஒரு சிறிய 'போனோ பிரீ-ஆம்ப்' வாங்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு விஷயம். நம் பழைய திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒற்றை ஒலியில் பதிவானவை. 1978-ல் வந்த 'ப்ரியா' போன்ற படங்களிலிருந்துதான் ஸ்டீரியோப் பதிவு தமிழ்த் திரையிசையில் பேச்சாயிற்று. ஆகவே ஐம்பது, அறுபதுகளின் பாட்டை மட்டுமே விரும்பிக் கேட்பவர், 'ஐந்து திசை ஒலி', 'ஏழு திசை ஒலி' என்று சொல்லி விற்கும் சினிமாப் பெட்டிக்குப் பணம் கொட்ட வேண்டாம். இரண்டு நல்ல ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்தால் பாடகரின் குரல் நேர் நடுவில், எதிரே நின்று பாடுவது போல் கேட்கும். அதற்கு மேல் அந்தப் பதிவில் எதுவும் இல்லை.

டி.வி.யும் செல்போனும்

இந்தக் காலத்து வீட்டில் ஸ்டீரியோவுக்குப் பாட்டு கொடுப்பவை பெரும்பாலும் டி.வி.யும் செல்போனும்தான். புதிய டி.வி.கள் பலவற்றில் பழைய சிவப்பு-வெள்ளைத் துளைகள் இல்லை. ஒளி மூலம் ஒலி அனுப்பும் 'ஆப்டிகல்' துளையும், எச்.டி.எம்.ஐ. துளையும் உண்டு. ஆகவே ரிசீவரில் ஆப்டிகல் அல்லது 'ஆர்க்' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் நல்லது. செல்போனுக்குப் புளூடூத் இருந்தால் வயர் வேண்டாம்.

யமஹா, டெனான், மராண்ட்ஸ் போன்ற கம்பெனிகளின் இன்றைய ஸ்டீரியோ ரிசீவர்களில் இவை பெரும்பாலும் ஒன்றாகவே கிடைக்கின்றன. ஆனால் விலை பல பத்தாயிரங்கள். செல்போன், டி.வி. இரண்டை மட்டும் கேட்கும் வீட்டுக்கு, உள்ளங்கையில் அடங்கும் 'கிளாஸ் டி' வகைச் சிறு ஆம்ப்ளிபயர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. சூடாவது குறைவு, கரண்ட் செலவும் குறைவு. நல்ல பழைய ஸ்பீக்கருடன் சேர்ந்தால் இது பலரை ஆச்சரியப்படுத்தும்.

பெரிய பெயர் மட்டும் காவல் அல்ல. ஜப்பானின் ஆன்கியோ எவ்வளவு பெரிய பெயர்! அதன் வீட்டு ஒலிச்சாதனக் கம்பெனி 2022-ல் திவாலானது. பெயர் வேறு கைக்கு மாறியது. ஆகவே "இதற்கு சர்வீஸ் புனேயில் எங்கே? பாகம் எங்கிருந்து வரும்?" என்ற கேள்விகளுக்குக் கடைக்காரர் விலாசத்தோடு பதில் சொல்ல வேண்டும். "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் அல்ல.

அமெரிக்கா, ஜப்பான் பெட்டிகள்

வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர் அனுப்புகிறேன் என்று சொல்லும்போது மறுக்க மனம் வராது. ஆனால் முதுகுச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கப் பெட்டிக்கு 120, ஜப்பான் உள்நாட்டுப் பெட்டிக்கு 100. நேராக நம் பிளக்கில் செருகினால் அந்தக் கணமே புகை. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். அது தனிச் செலவு, தனிச் சுமை.

டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் ரேடியோ சரியாக வராமல் போகலாம். ஜப்பானில் எப்.எம். அலைவரிசை 76 மெகாஹெர்ட்சில் தொடங்கி 95-ல் முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் அது 108 வரை போகிறது. அந்தப் பெட்டியில் புனேயின் 101 வரவே வராது. அமெரிக்கப் பெட்டியின் மத்திய அலை 10 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவும், நமக்கு 9. புனே வானொலி நெடுங்காலம் ஒலித்த 792 கிலோஹெர்ட்ஸ், 790-க்கும் 800-க்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும். சில பெட்டிகளில் இதை மாற்றப் பின்னால் ஒரு சுவிட்சு உண்டு. அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய சாமான் வாங்கும்போது

கை சுருங்கியவர்களுக்குப் பழைய ரிசீவர் நல்ல வழி. புனேயின் ஜூனா பஜார் ஞாயிறும் புதனும் கூடும். பம்பாய் லாமிங்டன் ரோடும், ஊருக்குப் போகும்போது சென்னை ரிச்சி தெருவும் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் இவற்றைக் கவனிக்கவும்:

கையில் ஒரு ஹெட்போனும், நன்றாகத் தெரிந்த பாட்டு உள்ள செல்போனும் எடுத்துச் செல்லுங்கள். தெரிந்த பாட்டில்தான் குறை தெரியும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்மென்று ஒலிக்கிறதா, நாகஸ்வரம் காதைக் கிழிக்கிறதா என்று கேளுங்கள்.

"தோன்ஹி பாஜூ ஐக்வா" என்று மராத்தியில் சொன்னால் இரண்டு பக்கத்தையும் பாடிக் காட்டுவார்கள். எல்லாத் திருகிகளையும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள்.

அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். கோளாறு பெட்டி முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகத்தான் பாடும். பிறகு மூடியின் மேல் கை வையுங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு ஆகாது. கருகிய வாடை வந்தால் நடையைக் கட்டுங்கள்.

மூடியின் திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் அந்தப் பெட்டி பல கைகள் பார்த்த பெட்டி.

புதுச் சாமானானால் "பக்கா பில் த்யா" என்று கேட்டு, ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீதும், முத்திரையிட்ட கியாரண்டிக் கார்டும் பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இருந்தால்தான் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட வழி உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு

புதுப் பெட்டியை மாட்டும்போது ஸ்பீக்கரின் சிவப்பு முனை பெட்டியின் சிவப்பு முனைக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிப் போனால் இரண்டு கூம்புகளும் எதிரெதிராய் அசைந்து கனத்த ஒலி காணாமல் போகும். "புதுப் பெட்டியில் பேஸ் இல்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்க்க வேண்டும். வயரின் ஒரு இழை கூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. தொட்டால் ஆம்ப்ளிபயர் போய்விடும்.

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குச் சற்றுத் தடித்த சாதாரணச் செப்பு வயரே போதும்.

பெட்டியின் மேலே நாலு விரல் உயரமாவது காலியாக இருக்கட்டும். ரிசீவர் மூடியில் உள்ள துளைகள் அலங்காரத்துக்கு அல்ல. சூடு வெளியேறும் வழி. அவற்றின் மேல் பூ வேலை செய்த துணி விரித்து, அதன் மேல் பொம்மை வைப்பது நம் வீடுகளில் பழக்கம். கேட்கும் நேரத்திலாவது துணியை எடுத்துவிட வேண்டும். புனேயின் மழை மாதங்களில் ஈரம் உள்ளே சேரும். அந்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஓட விட்டால் திருகியும் ரிலேயும் கறுக்காமல் இருக்கும்.

ஆக, கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத வேண்டியவை ஐந்து. ஸ்பீக்கர் எத்தனை ஓம்? அறை எத்தனை அடி? இசைத்தட்டு உண்டா? டி.வி.யில் எந்தத் துளை? வானொலி வேண்டுமா? இந்த ஐந்துக்கும் விடை இருக்கும் கையில் கடைக்காரரின் வாட் கணக்கு பலிக்காது. காகிதம் காட்டும் பெட்டி கடையிலேயே விலை குறைந்த பெட்டியாக இருந்தால் தயங்க வேண்டாம். மிச்சப் பணத்தில் ஊருக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுக்கலாம்.